சுண்டெலியின் நுரையீரல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்?

மயங்கிக் கிடக்கும் சுண்டெலியைத் தலை மேலாக நிமிர்த்திப் பிடித்து, மூக்குத் துவாரத்தில் பிப்பெட்டிலிருந்து துளித்துளியாக விட வேண்டும். மொத்தம் 50 மைக்ரோலிட்டர். அதில் நிமோனியாவை வரவழைக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியா 10 லட்சம். எலி மூச்சை இழுக்க இழுக்க ஒவ்வொரு துளியும் உள்ளே மறையும். வீரியமான ரகமாக இருந்தால் இரண்டு நாளுக்குள் நிமோனியா வந்துவிடும், கூடவே ரத்தத்திலும் கிருமி ஏறிவிடும். இப்போது அதே 10 லட்சத்தை வெறும் 10 மைக்ரோலிட்டரில் அடக்கி, மயக்கம் கொடுக்காமல் மூக்கில் விட்டுப் பாருங்கள். கிருமி மூக்கைத் தாண்டாது. எலி வழக்கம்போலத் தின்னும், ஓடும். மூக்கின் உட்புறத்தில் நிமோகாக்கஸ் நாள்கணக்கில், சில ரகங்கள் வாரக்கணக்கில், சத்தமில்லாமல் குடியிருக்கும்.

கிருமி ஒன்றே, எண்ணிக்கை ஒன்றே, எலியும் ஒன்றே. மாறியது 40 மைக்ரோலிட்டர் திரவமும் கொஞ்சம் மயக்க மருந்தும்தான். பாக்டீரியா நுரையீரல் நோய்களில் விலங்கு மாதிரிகளைப் பற்றி, அதாவது மனித நோயை விலங்கில் வரவழைத்து ஆராய்வதைப் பற்றி, பேசும்போது எந்த விலங்கு என்ற கேள்வியில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் கேட்கத் தோன்றுவது: கிருமி எந்த வழியாக, எவ்வளவு திரவத்தில் போனது? சுண்டெலியின் நுரையீரல் முழுக்க விரிந்தாலே சுமார் 1 மில்லிலிட்டர்தான் கொள்ளும். 50 மைக்ரோலிட்டர் அதில் இருபதில் ஒரு பங்கு. 6 லிட்டர் நுரையீரல் உள்ள ஒரு மனிதருக்கு இதே கணக்கைப் போட்டால், 300 மில்லி கிருமிக் கரைசலை மூச்சுக்குழாயில் ஊற்றியதற்குச் சமம். நிமோனியா யாருக்கும் அப்படி வருவதில்லை. மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமி, தூக்கத்தில் எச்சிலோடு துளியளவு கீழே இறங்குகிறது. உடம்பு அசந்திருக்கும் சமயம் பார்த்துப் பெருகுகிறது. எலியில் நாம் பார்ப்பது அந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும். கிருமி நுரையீரலுக்கு வந்து சேர்ந்த பிறகு நடப்பதற்கு அது நல்ல சாட்சி. எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு அதைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

மயக்கமும் சின்ன விஷயமில்லை. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு குறைவாகப் போனால் எலி தும்மும், விழுங்கும். துளி வயிற்றுக்குப் போகும். அதிகமாகப் போனால் மூச்சு திக்கித் திணறி வரும், திரவம் மூக்கிலேயே குமிழியாக நிற்கும். குமிழி வெடித்தால் எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கு போயே போயிற்று. அந்த எலியைக் குறித்து வைத்துக்கொள்வதுதான் நேர்மை. ஊசியாகப் போடும் கெட்டமின்-சைலசின் மயக்கக் கலவை நீண்ட நேரம் நிற்கும், ஆனால் உடல் சூட்டை இறக்கிவிடும். சூட்டு மெத்தையில் வைக்க மறந்தால் மறுநாள் தெரியும் சோர்வு கிருமியாலா குளிராலா என்று சொல்ல முடியாது. துல்லியம் வேண்டுமென்றால் கேனுலா என்ற மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் நுழைத்து நேரடியாகக் கொடுக்கலாம். கை பழகாதவர் செய்தால் அது உணவுக்குழாய்க்குள் போவதும், தொண்டையில் காயம் படுவதும் சகஜம்.

இந்தத் துறையின் மூத்த விலங்கு சுண்டெலி இல்லை, கினிப்பன்றி. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது, அவருடைய வாதத்தின் முதுகெலும்பு கினிப்பன்றிதான்: நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியைத் தனியே வளர்த்து அதற்குள் செலுத்தினால் அதே நோய் வந்தது. எட்டு ஆண்டு கழித்து, 1890-இல், அதே கோக், காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற சாற்றை மருந்தாக அறிவித்தார். கினிப்பன்றியில் நோயை அது நிறுத்தியதாக அவர் சொன்னார். மனிதரில் மருந்தாக அது படுதோல்வி. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையாகத்தான் பிழைத்தது. நோய்க்குக் காரணம் எது என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன விலங்கு, எது குணமாக்கும் என்ற கேள்வியில் ஆளைக் கவிழ்த்துவிட்டது.

இன்னொரு கினிப்பன்றிச் சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். காசநோய் காற்றில் பரவுகிறதா என்ற சண்டை ஓயாமல் இருந்த 1950-களின் பிற்பகுதியில், பால்டிமோரில் வெல்ஸ், ரைலி ஆகியோரின் குழு ஒரு மருத்துவமனை வார்டின் காற்றை மேலே குழாய் வழியே எடுத்துக் கினிப்பன்றிக் கூண்டுகளுக்குள் விட்டது. நோயாளிக்கும் விலங்குக்கும் வேறு எந்தத் தொடர்பும் கிடையாது. மாதக்கணக்கில் காற்றை மட்டும் சுவாசித்த கினிப்பன்றிகளில் சிலவற்றுக்குத் தொற்று வந்தது. புறஊதாக் கதிர் படவைத்த காற்றைச் சுவாசித்த கூட்டம் தப்பியது. இங்கே கினிப்பன்றி மனித நோயின் நகலாக நிற்கவில்லை. ஒரு சில கிருமி உள்ளே போனாலும் காட்டிக்கொடுத்துவிடும் அளவுக்கு அது காசநோய்க்கு இளகியது என்பதால் அளவுகருவியாக நின்றது. அந்த இளகிய தன்மைதான் மருந்துச் சோதனையில் தொல்லை தருகிறது, இங்கே அதுவே பலம். ஒரு காலத்தில் நிமோனியா நோயாளியின் சளியைச் சுண்டெலியின் வயிற்றறையில் செலுத்தி நிமோகாக்கஸைப் பிரித்தெடுத்ததும் இதே தந்திரம்தான். சளியில் கலந்து கிடக்கும் மற்ற கிருமிகளை எலி ஒழித்துவிடும், நிமோகாக்கஸ் மட்டும் ரத்தத்தில் பெருகும்.

சுண்டெலி நுரையீரலை அறுத்துப் பார்த்தால் வேறுபாடுகள் கண்ணுக்கே தெரியும். இடப்பக்கம் ஒரே மடல், வலப்பக்கம் நான்கு. மனிதருக்கு இரண்டும் மூன்றும். நம்முடைய மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ளே வெகுதூரம் வரை சளிச் சுரப்பிகள் உண்டு. எலிக்கு மூச்சுக்குழாயின் மேல்முனையில் மட்டுமே. நம் ரத்த வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல், கிருமியை விழுங்கிக் கொல்லும் நியூட்ரோஃபில் வகை. எலியில் பெரும்பகுதி லிம்ஃபோசைட். நியூட்ரோஃபிலை வரவழைக்க நம் உடம்பு பயன்படுத்தும் ஐஎல்-8 என்ற சமிக்ஞைப் புரதம் எலியிடம் கிடையவே கிடையாது, அதன் வேலையை வேறு புரதங்கள் பார்க்கின்றன. எலி நம்மைப் போல இருமுவதும் இல்லை. சளி, இருமல், நியூட்ரோஃபில் மூன்றும் நுரையீரல் பாக்டீரியா நோயின் மையத்தில் இருப்பவை என்பதை நினைத்துப் பார்த்தால், எலியை வைத்து இவ்வளவு கற்றுக்கொண்டதே ஆச்சரியம்தான்.

இதற்கு மேல், கிருமிகளிடம் மனிதருக்கென்றே வார்த்தெடுத்த ஆயுதங்கள் இருக்கின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் சில ரகங்கள் பிவிஎல் என்ற நச்சைச் சுரக்கின்றன. நுரையீரலை அழுகவைக்கும் கொடிய நிமோனியாவோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். அந்த நச்சு பற்றிக்கொள்ளும் ஏற்பி மனித நியூட்ரோஃபிலிலும் முயல் நியூட்ரோஃபிலிலும் உண்டு. எலி நியூட்ரோஃபிலில் இருப்பதை அது கண்டுகொள்வதில்லை. ஆகவே பிவிஎல் உள்ள ரகத்தையும் அதை நீக்கிய ரகத்தையும் எலியில் ஒப்பிட்டுவிட்டு ‘வித்தியாசம் இல்லை, இந்த நச்சு முக்கியமில்லை’ என்று எழுதினால், அது பூட்டே இல்லாத கதவில் சாவியைச் சோதித்த கதை. முயலில் செய்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஸ்டஃபைலோகாக்கஸால் எலிக்கு நிமோனியா வரவழைக்க கோடிக்கணக்கில் கிருமி தேவைப்படுவதற்கு இத்தகைய பொருத்தக் குறைவுகளும் காரணம்.

லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவில் நிலைமை தலைகீழ். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய மர்ம நிமோனியாவின் கிருமி கினிப்பன்றி வழியாகத்தான் முதலில் கையில் சிக்கியது. வழக்கமான ஆய்வக எலியான சி57பிஎல்/6 வகையிலோ அது வளராது. கிருமியைத் தின்னும் செல்லான மேக்ரோஃபேஜுக்குள் அந்த எலியிடம் இருக்கும் நைப்5 என்ற புரதம், லெஜியோனெல்லாவின் வாலில் உள்ள ஃபிளாஜெல்லின் புரதத்தை மோப்பம் பிடித்து, செல்லையே வெடிக்கவைத்துக் கிருமியின் கூடாரத்தைக் கலைத்துவிடுகிறது. ஏ/ஜே வகை எலியில் அந்தப் புரதம் சற்றே வேறு மாதிரி. அங்கே லெஜியோனெல்லா தாராளமாக வளரும். எலிதானே என்று எடுத்த எலியைப் பயன்படுத்தியிருந்தால் இந்தக் கிருமி தீங்கற்றது என்ற முடிவுக்கு வந்திருப்போம். எது அதைத் தடுக்கிறது என்று துருவியவர்களுக்கு உடம்பின் உட்செல் காவல் ஏற்பாடு ஒன்றே புலப்பட்டது. நிமோகாக்கஸிலும் இப்படித்தான்: பிஏஎல்பி/சி எலி தாக்குப்பிடிக்கும் அளவை சிபிஏ எலி தாங்காது.

கிளெப்சியெல்லா என்ற இன்னொரு நிமோனியாக் கிருமியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஏடிசிசி 43816 என்ற ரகம் எலியைச் சில ஆயிரம் கிருமியிலேயே சாய்த்துவிடும். மருத்துவமனைகளைப் படுத்தும், கார்பாபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு எதிர்ப்புள்ள எஸ்டி258 ரகங்களோ, எலியில் கோடிக்கணக்கில் கொடுத்தாலும் பெரும்பாலும் துடைத்தெறியப்படுகின்றன. மனிதரில் அவை தாக்குவது ஏற்கெனவே நொந்துபோன உடம்பை. கூண்டில் இருப்பதோ எட்டு வாரம் வயதான, கொழுகொழு எலி. அதனால் மருந்துச் சோதனையில் எலியின் நியூட்ரோஃபிலை முதலில் இல்லாமல் ஆக்குகிறார்கள். வழக்கமான முறை: தொற்றுக்கு நான்கு நாள் முன் கிலோவுக்கு 150 மில்லிகிராம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்து, ஒரு நாள் முன் 100 மில்லிகிராம். இப்போது எந்தக் கிருமியும் வளரும். மருந்துக்கும் கிருமிக்கும் இடையிலான நேரடிச் சண்டையை அளக்கலாம். எலி பல ஆன்டிபயாடிக்குகளை நம்மைவிடப் பல மடங்கு வேகமாகக் கழித்துவிடும். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று மனித அளவை அப்படியே கொடுத்தால் சில மணி நேரத்தில் மருந்தே இருக்காது. ரத்தத்தில் மருந்து ஏறி இறங்கும் வளைவை மனிதருடையதோடு பொருத்தி, அதற்கேற்ப ஊசியின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இதைச் செய்யாமல் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று வரும் முடிவுகளை நான் பொருட்படுத்துவதில்லை.

வழி தவறினால் மருந்து விஷயத்தில் என்ன ஆகும் என்பதற்கு டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் நல்ல பாடம். ரத்தத்தில், தோலில் எல்லாம் நன்றாக வேலை செய்த மருந்து. நிமோனியாவில் மனிதச் சோதனைக்குப் போனபோது, ஒப்பீட்டு மருந்தான செஃப்ட்ரையாக்சோனுக்கு ஈடாக நிற்கவில்லை. திரும்ப எலிக்கு வந்து பார்த்தார்கள். ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போன ஸ்டஃபைலோகாக்கஸை மருந்து கொன்றது. காற்றுப் பாதை வழியாக உள்ளே போன கிருமியிடம் தோற்றது. காற்று நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபக்டன்ட் என்ற வழவழப்பு, கால்சியம் துணையோடு சவ்வில் நுழையும் இந்த மருந்தைத் தன் கொழுப்பில் சிக்கவைத்து முடக்கிவிடுகிறது. இரண்டுமே எலி, இரண்டுக்கும் பெயர் நிமோனியா. கிருமி வந்த வாசல்தான் வேறு.

காசநோய்க்கு வருவோம். சிக்கல் அதிகம், சொல்லவும் நிறைய இருக்கிறது.

இங்கே துளி விடும் முறை செல்லாது. மனிதருக்கு வருவது போலவே மிகச் சில கிருமி, மிக நுண்ணிய தூவலில், நுண்ணறை வரை போக வேண்டும். துகளின் விட்டம் சில மைக்ரானுக்கு மேல் போனால் எலியின் மூக்கே வடிகட்டிவிடும். கிருமிக் கரைசலை நெபுலைசரில் ஊற்றி, எலிகள் இருக்கும் அடைத்த பெட்டிக்குள் தூவுவார்கள். எல்லாம் உயர்நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்துக்குள். ஒரு எலிக்கு 50 முதல் 100 கிருமி என்பது இலக்கு. காசநோய்க் கிருமிக்கு மெழுகுத் தோல். ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு கயிறாகத் திரளும். ட்வீன் 80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்து வளர்த்து, ஊசி வழியே பலமுறை இழுத்துத் தள்ளி, மிச்சக் கட்டிகளை அடியில் தங்கவிட்டு மேலே உள்ளதை எடுக்காவிட்டால், தட்டில் ஒரு காலனியாகத் தெரிவது உண்மையில் இருபது கிருமியாக இருக்கும். இன்னொரு கண்ணி: ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்துக்கொண்டே போனால் பிடிஐஎம் என்ற கொழுப்பைச் செய்யும் திறனை இழந்த வாரிசுகள் மேலே வந்துவிடும். வீரியத்துக்கு அந்தக் கொழுப்பு அவசியம், ஆனால் குடுவையில் அது தேவையில்லாத செலவு. ஒரு மரபணுவை நீக்கியதால் கிருமி பலவீனமாகிவிட்டது என்று கொண்டாடுவதற்கு முன்னால், பிடிஐஎம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

தூவிய மறுநாள் மூன்று முதல் ஐந்து எலிகளைப் பலிகொடுத்து, முழு நுரையீரலையும் அரைத்து மொத்தமும் அகார் தட்டில் பரப்பினால்தான் உள்ளே போன எண்ணிக்கை தெரியும். அதிலும் ஒரு வேடிக்கை. காசநோய்க் கிருமி தட்டில் கண்ணுக்குத் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். நூறு போட நினைத்தது ஐந்நூறாகப் போயிருக்கிறது என்று தெரியவரும்போது, மற்ற எலிகளில் சோதனை பாதி தூரம் கடந்திருக்கும்.

சி57பிஎல்/6 எலியில் இந்த நூறு கிருமி மூன்று நான்கு வாரத்தில் சுமார் 10 லட்சமாகப் பெருகி, அங்கேயே நின்றுவிடும். பெருக்கம் நிற்பது நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் நுரையீரலுக்கு வந்து சேர்வதால். அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தாமதத்தைக் கண்டுபிடித்துத் தந்ததும், இன்டர்ஃபெரான்-காமா என்ற நோய் எதிர்ப்புப் புரதம் இல்லாவிட்டால் காசநோயைத் தாங்க முடியாது என்று காட்டியதும் எலிதான். பிறவியிலேயே அந்தப் பாதையில் கோளாறு உள்ள மனிதர்களிடம் பிறகு அது உறுதியானது. ஆனால் 10 லட்சம் கிருமியோடு எலி மாதக்கணக்கில் உலவுவதை மனிதரின் உறங்கும் காசநோய்க்கு ஒப்பிடுவது தவறு. உறங்கும் தொற்றில் கிருமி கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குக்கூடச் சிக்காது. இதைக் கட்டுரைகளில் ‘உறக்க மாதிரி’ என்று எழுதுவதைப் பார்க்கும்போது எரிச்சல் வரும்.

எலி மாதிரியின் பெரிய ஓட்டை, கிரானுலோமா எனப்படும் காசநோய்க் கட்டியில் இருக்கிறது. மனித நுரையீரலில் காசநோய்க் கிரானுலோமாவின் நடுப்பகுதி இறந்து, பாலாடைக்கட்டி போல நொதநொதவென்று ஆகிவிடும். உயிர்வளி குறைந்த அந்தச் சேற்றில் செல்லுக்கு வெளியே கிருமி கிடக்கும். வழக்கமான எலியில் இது நடப்பதே இல்லை. கிருமியெல்லாம் மேக்ரோஃபேஜுக்குள், சுற்றிலும் உயிருள்ள செல்கள். ஆகவே செல்லுக்குள் நன்றாகப் புகும் மருந்து இந்த எலியில் ஒரு படி உயர்வாகவே தெரியும். மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அப்படித் தெரிந்த மருந்துகளில் ஒன்று. அதைச் சேர்த்தால் சிகிச்சையை ஆறு மாதத்திலிருந்து நான்காகக் குறைக்கலாம் என்று எலிச் சோதனைகள் நம்பிக்கை கொடுத்தன. 2014-இல் வெளியான ரீமாக்ஸ் மனிதச் சோதனையில் கிருமி சீக்கிரம் மறைந்தது உண்மை. ஆனால் நான்கு மாதத்தில் நிறுத்தியவர்களிடம் நோய் திரும்பியது அதிகம். நோயாளிகளிடமிருந்து அறுவையில் எடுத்த நுரையீரல் துண்டுகளில் மருந்து எங்கே சேர்கிறது என்று படமெடுத்துப் பார்த்தபோது, மாக்ஸிஃப்ளாக்சசின் செல்கள் உள்ள ஓரத்தில் குவிந்து, நடுச் சேற்றுக்குள் சரியாக நுழையாமல் நின்றது. தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். இதையும் சொல்ல வேண்டும்: ரிஃபாபென்டின் என்ற காசநோய் மருந்தும் மாக்ஸிஃப்ளாக்சசினும் சேர்ந்த நான்கு மாதச் சிகிச்சை 2021-இல் ஆறு மாதத்துக்கு ஈடாக நின்றது. அந்த ரிஃபாபென்டினுக்கு ஊக்கம் கொடுத்ததும் எலிதான்.

நடு இறந்த கட்டி வேண்டுமென்றால் சி3எச்இபி/எஃப்இஜே என்ற எலி இருக்கிறது; கிராம்னிக் எலி என்றே ஆய்வகங்களில் சொல்வார்கள். எஸ்எஸ்டி1 என்ற மரபுப் பகுதியின் குறையால் இதன் கட்டிகள் மனிதருடையது போலவே நொதிந்துபோகும். பைராசினமைடு என்ற காசநோய் மருந்து அமிலச் சூழலில்தான் வேலை செய்யும். இந்தச் சேற்றின் அமிலத்தன்மை நடுநிலைக்கு அருகில் இருப்பதால், இந்த எலியில் பெரிய கட்டி வந்தவற்றிடம் அந்த மருந்து சொதப்புகிறது. ஒரே கூண்டில் ஒரே வயது எலிகளிலேயே சிலவற்றுக்குப் பெரிய கட்டி, சிலவற்றுக்குச் சின்னது என்பதால் முடிவுகள் சிதறும், எலி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டிவரும். குழி விழும் காசநோயைப் பார்க்க முயல் நல்லது. மக்காக் குரங்குகளில் நம்மைப் போலவே சிலவற்றுக்கு நோய் முற்றும், சில அடக்கிவைத்துக்கொள்ளும். பெட்-சிடி படத்தில் ஒரே குரங்கின் ஒவ்வொரு கட்டியும் தனித்தனிப் பாதையில் போவதைப் பார்க்கலாம். பிசிஜி தடுப்பூசியைத் தோலில் போடாமல் நாளத்தில் செலுத்தியபோது 10 ரீசஸ் குரங்குகளில் 9 காக்கப்பட்டன என்ற 2020-ஆம் ஆண்டு முடிவு, எலியை மட்டும் வைத்திருந்தால் இவ்வளவு கவனம் பெற்றிருக்காது. குரங்குச் சோதனை ஒவ்வொன்றும் செலவிலும் மனச்சாட்சியிலும் கனமானது. கேள்வி அந்த அளவுக்குக் கூர்மையாக இல்லையென்றால் அதைத் தொடக் கூடாது.

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் கதை வேறு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோய் உள்ளவர்களின் நுரையீரலில் இந்தக் கிருமி வருடக்கணக்கில் தங்கிவிடும். எலியில் வெறும் கரைசலாகக் கொடுத்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: ஓரிரு நாளில் எலி அதைத் துடைத்துவிடும், இல்லை ரத்தத்தில் பரவி எலி செத்துவிடும். அதனால் கிருமியை அகார் மணிக்குள் பொதிந்து கொடுக்கும் முறை 1979-இல், சுண்டெலியைவிடப் பெரிய ‘ராட்’ வகை ஆய்வக எலிகளில் வந்தது. உருக்கிய அகாரில் கிருமியைக் கலந்து, சுமார் 50 டிகிரிச் சூட்டில் கலங்கிக்கொண்டிருக்கும் கனிம எண்ணெயில் ஊற்றி, கலக்கியபடியே குளிர்விக்க வேண்டும். அகார் நுண்மணிகளாக உறையும். சூடு கூடினால் கிருமி வெந்துவிடும், குறைந்தால் ஊற்றும்போதே அகார் கட்டிதட்டும். கலக்கும் வேகம்தான் மணியின் அளவைத் தீர்மானிக்கும்: 100 முதல் 200 மைக்ரான் விட்டம் சரி. அதைவிடப் பெரிது மூச்சுக்குழாயை அடைத்துக் கிருமி இல்லாமலேயே எலியைக் கொல்லும். சிறியதை மேக்ரோஃபேஜ் தின்றுவிடும். எண்ணெயைக் கழுவி எடுக்கும் படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மணிக்கு வெளியே ஒட்டியிருக்கும் கிருமி போகும்வரை கழுவாவிட்டால் முதல் நாளிலேயே எலிகள் விழத் தொடங்கும். கிருமி இல்லாத மணிகளைக் கொடுத்த ஒப்பீட்டுக் குழு இல்லாத மணிச் சோதனையை நம்ப வேண்டாம். அகாரே அழற்சியைத் தூண்டும்.

இவ்வளவு வித்தை ஏன் தேவைப்பட்டது? எது பழுதானால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வருகிறதோ அந்த சிஎஃப்டிஆர் மரபணுவை நீக்கிய எலி 1992-இல் வந்தபோது, இனி எல்லாம் எளிது என்றுதான் நினைத்தார்கள். அந்த எலிக்குக் குடல் அடைத்தது, நுரையீரலோ சுத்தமாக இருந்தது. குளோரைடை வெளியேற்ற எலியின் மூச்சுக்குழாய்க்கு வேறொரு வாய்க்கால் உண்டு. இன்னொரு காரணம் 2016-இல் தெரிந்தது. மனிதரிலும் பன்றியிலும் ஏடிபி12ஏ என்ற புரதம் மூச்சுக்குழாயின் மேலுள்ள திரவத்தில் அமிலத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சிஎஃப்டிஆர் பழுதானால் அதை ஈடுகட்ட பைகார்பனேட் வராது, திரவம் அமிலமாகி, அங்குள்ள கிருமிக்கொல்லிப் புரதங்கள் மந்தமாகிவிடும். எலியின் மூச்சுக்குழாயில் அந்தப் புரதம் இல்லை என்றே சொல்லலாம். 2008-இல் உருவான சிஎஃப்டிஆர் இல்லாத பன்றிக்குச் சில மாதங்களில் தானாகவே நுரையீரல் நோய் வந்தது. பிறந்த உடனே அதன் நுரையீரலில் அழற்சி இல்லை, ஆனால் கிருமியைத் துடைக்க முடியவில்லை. அழற்சி முதலா தொற்று முதலா என்ற நெடுநாள் வழக்கு அங்கே ஓரளவு தீர்ந்தது. எலிக்கு ஏன் நோய் வரவில்லை என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், நோய் வந்த விலங்குகளிடமிருந்து கிடைத்ததற்குக் குறைந்ததில்லை.

கக்குவானைப் பற்றிச் சுருக்கமாக. எலி நம்மைப் போல இருமாது, பபூன் குரங்கு இருமும். செல்லற்ற கக்குவான் தடுப்பூசி போட்ட பபூன்களுக்கு நோய் வரவில்லை, ஆனால் கிருமி தொண்டையில் ஒட்டிக்கொண்டது, பக்கத்துக் கூண்டுத் தோழனுக்கும் பரவியது. தடுப்பூசி போட்ட சமூகங்களில் கக்குவான் ஏன் திரும்பத் தலைதூக்குகிறது என்ற கேள்விக்கு இது ஒரு முக்கியமான துப்பு. பரவுதல் என்பதைச் சோதிக்கவே முடியாத விலங்கில் இது தெரிந்திருக்காது.

இனி எண்ணிக்கை மேசைக்கு. நுரையீரலை வெளியே எடுப்பதற்கு முன் இதயத்தின் வலது அறை வழியே உப்புக் கரைசலைச் செலுத்தி, சிவப்பு நீங்கி வெளுக்கும்வரை ரத்தத்தைக் கழுவ வேண்டும். நிமோகாக்கஸ் ரத்தத்தில் இருக்கும் எலியில் இதைச் செய்யாவிட்டால், ரத்தத்தின் கிருமியை நுரையீரல் கணக்கில் எழுதிவிடுவோம். அரைக்கும் கருவி சூடாகும். குழாய்கள் ஐஸில் இருக்க வேண்டும். 1 மில்லியில் அரைத்து அதில் 100 மைக்ரோலிட்டரைப் பரப்பினால், ஒரு காலனி என்பது 10 கிருமி. தட்டு காலியாக இருந்தால் எழுத வேண்டியது ‘10-க்குக் கீழே’ என்று. பூஜ்யம் என்று எழுதக் கூடாது. மருந்து கொடுத்த எலியின் நுரையீரலில் மருந்தும் சேர்ந்தே அரைபட்டுத் தட்டுக்கு வரும். காசநோய் மருந்தான பெடாகுயிலின் போலத் திசுவில் நாள்கணக்கில் தங்கும் மருந்து தட்டிலேயே கிருமியை அமுக்கி, எலி குணமானது போலக் காட்டும். அகாரில் கரித்தூள் சேர்ப்பது அதை உறிஞ்சத்தான். காசநோயில் இன்னும் கண்டிப்பான வழி, மருந்தை நிறுத்தி மூன்று மாதம் காத்திருந்து எத்தனை எலிக்கு நோய் திரும்புகிறது என்று பார்ப்பது.

திசுப் படத்துக்கு எடுக்கும் பக்கத்தை 20–25 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் ஃபார்மலின் ஏற்றி விரித்துவைக்க வேண்டும். சுருங்கிய நுரையீரலின் நுண்ணறைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து, நுண்ணோக்கியில் நிமோனியா போலவே தெரியும். தொற்று திட்டுத்திட்டாக விழுவதால் இடதை எண்ணிக்கைக்கு, வலதைப் படத்துக்கு என்று பிரித்தால் இரண்டும் ஒன்றையொன்று மறுத்துப் பேசும் நாட்களும் உண்டு.

நோய் முற்றிய எலிக்குக் காய்ச்சல் அடிக்காது, உடம்பு சில்லிடும். எடை 20 சதவீதம் குறைவதையும் உடல் சூடு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்குவதையும் முடிவுக்கோடாக வைத்து அங்கேயே வலியின்றி நிறுத்துவது இன்றைய வழக்கம். சாகும்வரை காத்திருந்து பாதி எலி சாகும் அளவைக் கணக்கிட்ட காலம் மலையேறிவிட்டது. 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மாற்று, குறைப்பு, மென்மையாக்கல் என்ற மூன்றில், மென்மையாக்கல் புள்ளிவிவரத்துக்கும் நல்லது. இரவில் செத்துக் காலையில் கண்டெடுத்த எலியின் நுரையீரலில் எண்ணுவதற்கு உருப்படியாக எதுவும் இருக்காது. ஒரு கூண்டு எலிகள் ஒன்றின் எச்சத்தை ஒன்று தின்று ஒரே குடல் நுண்ணுயிர்களோடு இருப்பவை. மருந்துக் குழு ஒரு கூண்டிலும் ஒப்பீட்டுக் குழு இன்னொரு கூண்டிலும் இருந்தால் எலி பத்து இருந்தாலும் உண்மையில் ஒப்பிடுவது இரண்டு கூண்டுகளைத்தான். கட்டுரையில் இதை எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க ‘முறைகள்’ பகுதியைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

விலங்கே இல்லாமல் செய்ய முடியாதா? சில கேள்விகளுக்கு முடியும், முடிகிற இடத்தில் அதுவே மேல். மனித நுரையீரல் செல்களும் ரத்தக்குழாய்ச் செல்களும் மெல்லிய சவ்வின் இருபுறமும் வளர, மூச்சு போல விரிந்து சுருங்கும் சில்லு 2010-இலேயே வந்துவிட்டது. பிவிஎல் போன்ற மனித நச்சுக்கு, மனித நியூட்ரோஃபிலை ஓடவிட்ட அத்தகைய சில்லு எலியைவிட நம்பகமான சாட்சி. தன்னார்வலர்களின் மூக்கில் நிமோகாக்கஸைக் குறைந்த அளவில் வைத்துக் குடியேற்றத்தை ஆராயும் சோதனைகள் லிவர்பூலில் நடக்கின்றன. மூக்கில் நடப்பதை அறிய அதைவிட நேரான வழி இல்லை. இன்னொரு கோடியில், மனிதச் சோதனைக்கே வழியில்லாத நோய்கள் இருக்கின்றன. நுரையீரல் பிளேக்குக்கு லெவோஃப்ளாக்சசினை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012-இல் அனுமதித்தது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளின் தரவை வைத்துத்தான். கிருமியைத் தூவலாகச் சுவாசிக்கவைத்து, காய்ச்சல் தொடங்கிய பிறகே மருந்தை ஆரம்பித்து, ரத்தத்தில் மருந்தின் அளவு மனிதருடையதோடு ஒத்துப்போகும்படி ஊசியைப் பிரித்துக் கொடுத்தார்கள்.